சேத்ரியா, விஜயனா?

கேள்வி: கால்பந்தில் இந்தியாவுக்காக அதிக கோல் அடித்தவர் யார்? எங்கள் பக்கம் ஐ.எம். விஜயன்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள்.
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: கணக்கில் சுனில் சேத்ரிதான் முதலிடம். அதிக ஆட்டங்கள் ஆடியவரும் அவரே. 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2024 ஜூனில் கொல்கத்தாவில் விடைபெற்றபோது 151 ஆட்டம், 94 கோல். அப்புறம் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆவதையும் தலையால் முட்டிப் போட்டார். அப்போது அவருக்கு வயது 40!

ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. நானும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வளர்ந்தவன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் விஜயன் இந்திய அணியின் கேப்டனானதைக் கேட்டு எங்கள் தெருவே பந்தைத் தூக்கியது. 1999 தெற்காசியப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது நொடியில் அவர் அடித்த கோலை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொருவரையும் உங்கள் ஊரில் சொல்லுங்கள்: தமிழர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் அவருடையது. 1960, ரோம், பெருவுக்கு எதிராக.