டீச்சர் பதில்கள்: வெளிநாட்டு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ஒரு வாரம்

கேள்வி: வணக்கம் டீச்சர். வெளிநாட்டுல ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு வந்ததா போன இதழ்ல எழுதியிருந்தீங்க. முதல்ல மனசுல பட்டது எது? பில்டிங், ஸ்விம்மிங் பூல் எல்லாம் பிரமாதமா இருந்துச்சா?

பதில்: இருந்துச்சுங்க, ஆனா அதெல்லாம் ரெண்டாவது நாளே பழகிப்போச்சு. எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்கறது ஒரு கணக்கு கிளாஸ்தான். எட்டு ஒன்பது வயசு பசங்க, பின்னம் நடந்துட்டு இருந்துச்சு. மூணுல ஒரு பங்கு பெருசா நாலுல ஒரு பங்கு பெருசான்னு அந்த கிளாஸ் டீச்சர் கேட்டாங்க, ஒரு பையன் நாலுதானே பெரிய நம்பர், அப்போ நாலுல ஒரு பங்குதான் பெருசுன்னான். நானா இருந்தா அடுத்த செகண்டே "தப்பு, உக்காரு, வேற யாரு சொல்றீங்க"ன்னு தாண்டிப் போயிருப்பேன், இருபது வருஷமா அப்படித்தான் போயிருக்கேன். அவங்க போகல. ரெண்டு பேப்பர் துண்டை அவன் கையில குடுத்துட்டு பக்கத்துல ஒரு குட்டி ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. நாலா மடிச்சுட்டான், மூணா மடிக்க வரல, கோணலா போச்சு, பிரிச்சான், மறுபடி மடிச்சான், மொத்த கிளாஸும் அமைதியா காத்துட்டு இருக்கு, ஒரு பிள்ளை கூட சிரிக்கல. கடைசில அவனே, "நிறைய பேருக்கு பங்கு போட்டா ஒவ்வொருத்தருக்கும் கம்மியாத்தானே வரும்"னான்.

கேள்வி கேட்டுட்டு காத்திருக்கறதுக்கு வெயிட் டைம்னு பேரு. மேரி பட் ரோங்கற அமெரிக்க கல்வி ஆய்வாளர் 1970கள்ல கிளாஸ்ரூம் டேப்புகளை வெச்சு ஆராய்ஞ்சப்போ டீச்சர்கள் சராசரியா 1 செகண்ட் அளவுதான் காத்திருந்தாங்க, அதை 3 செகண்டுக்கு மேல கொண்டுபோனதும் பதில்கள் நீளமாச்சு, வாயே திறக்காத பசங்களும் பேச ஆரம்பிச்சாங்க. இதை நான் ட்ரெய்னிங்ல படிச்சிருக்கேன், பரீட்சையில கூட எழுதியிருக்கேன், கண்ணால பாத்தது அன்னிக்குதான்.

கேள்வி: எங்க பாத்தாலும் போர்டுல இன்டர்நேஷனல்னு போட்டிருக்காங்களே, நிஜமா அதுக்கு என்ன அர்த்தம் மேடம்?

பதில்: போர்டை மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, என்ன பாடத்திட்டம், யாரு அங்கீகாரம் குடுத்திருக்காங்கன்னு கேக்கணும். ஜெனீவாவுல 1924ல லீக் ஆஃப் நேஷன்ஸ்லயும் (ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த உலக நாடுகள் அமைப்பு) ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்புலயும் வேலைக்கு வந்தவங்க பிள்ளைகளுக்காக ஆரம்பிச்ச ஸ்கூல் இந்த வகையில ரொம்ப பழசு. ஒரு நாட்டுல படிச்ச படிப்பு இன்னொரு நாட்டு காலேஜ்ல செல்லுபடியாகணுமேங்கற கவலையிலதான் 1968ல ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளமோ வந்துச்சு, காலேஜுக்கு முன்னாடி படிக்கற ரெண்டு வருஷப் படிப்பு. 6 பாடம், ஒவ்வொண்ணுக்கும் 7 பாயின்ட், அது போக 4000 வார்த்தைக்குள்ள ஒரு ஆய்வுக் கட்டுரை, 'நமக்கு தெரியும்னு சொல்றோமே, அது எப்படி தெரியும்'னு யோசிக்க வைக்கற ஒரு கோர்ஸ், இது ரெண்டுக்கும் சேத்து 3, மொத்தம் 45.

கேள்வி: வேலை விஷயமா குடும்பத்தோட வெளிநாடு போறோம். அங்க சேத்தா பொண்ணு தமிழை மறந்துடுவாளோன்னு பயமா இருக்கு டீச்சர்.

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா. நான் பாத்த ஒரு கொரியப் பொண்ணு சேந்து மூணு வாரம்தான் ஆகுது, சயின்ஸ் நோட்டுல நீர் சுழற்சி படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு விளக்கம் முழுக்க கொரிய மொழியிலயே எழுதியிருந்தா. டீச்சர் அதை கோடு போட்டு அடிக்கவும் இல்ல, திருத்தவும் இல்ல, பக்கத்துல பென்சில்ல மேகம், மழை, ஆவி இதுக்கெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை மட்டும் எழுதிவெச்சிருந்தாங்க. விஷயம் புரிஞ்சிருக்கான்னு முதல்ல பாப்போம், மொழி பின்னாடி வரும்னாங்க. எல்லா ஸ்கூலும் இப்படி இருக்காது, அட்மிஷன் அப்பவே கேட்டுடுங்க. ஐ.பி. டிப்ளமோவுல சொல்லித்தர டீச்சர் இல்லாத தாய்மொழியையும் இலக்கியப் பாடமா எடுத்து ஸ்கூல் உதவியோட தானே படிச்சு எழுத வழி இருக்கு, அதையும் விசாரிங்க. வீட்டுல மட்டும் தமிழ்ல பேசறதை நிறுத்திடாதீங்க.

கேள்வி: குறையே கண்ணுல படலையா?

பதில்: பட்டுச்சு. கிளாஸுக்கு பதினாறு பிள்ளைங்க, கூட ஒரு உதவி டீச்சர், அந்த வசதி இல்லாம அந்த பொறுமையை எல்லார்கிட்டயும் எதிர்பாக்கறது நியாயம் இல்ல. ஆனா எனக்கு ரொம்ப வலிச்சது வேற. அங்க வருஷா வருஷம் யாராவது கிளம்பிட்டே இருக்காங்க. அப்பா அம்மா நாட்டுலயும் ஒட்டாம, இருக்கற நாட்டுலயும் ஒட்டாம நடுவுல வளர்ற இந்த பிள்ளைகளைத்தான் ரூத் ஹில் யூசீம்ங்கற அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 1950கள்லயே மூன்றாம் கலாச்சாரக் குழந்தைகள்னு சொன்னாங்க. பதினோரு வயசுப் பொண்ணு ஒருத்தி, இது அவளுக்கு நாலாவது ஸ்கூல், "இப்பல்லாம் நான் பெஸ்ட் ஃப்ரெண்ட் வெச்சுக்கறதில்ல"ன்னு ரொம்ப சாதாரணமா சொன்னா. கிளம்பற பிள்ளைக்கு கிளாஸ்ல ஒரு நோட்டு சுத்தி வரும், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருவாங்க. அன்னிக்கு அவ கைக்கு வந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன், பேரை மட்டும் எழுதிட்டு அடுத்த பெஞ்சுக்கு தள்ளி விட்டுட்டா.