மாமரத்தடியில் ஓடுவது முசுறா, மஞ்சள் கிறுக்கெறும்பா?

கேள்வி: அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மரத்தடியில் மஞ்சளாக எறும்பு மொய்க்கிறது. 2022-ல் நத்தம் கரந்தமலைப் பக்கம் ஆடுமாடுகளைப் படுத்தியெடுத்த எறும்பு இதுதானா? மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்தை எடுக்குமுன் கூட்டைத் தேடுங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு மரத்தில் தொங்கினால் அது முசுறு. பெரியவை 8–10 மி.மீ. இருக்கும். விரலை நீட்டினால் ஓடாது. பின்வயிற்றைத் தூக்கி நின்று கடிக்கும். காய் பறிப்பவருக்குத் தொல்லைதான், ஆனால் பல பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால் விட்டுவைப்பதே லாபம்.

கரந்தமலைப் பக்கம் படுத்தியெடுத்தது மஞ்சள் கிறுக்கெறும்பு. அது கூடு தைக்காது. சருகுக் குவியல், வேரடி, கிடக்கும் தென்னை மட்டை, கல்லிடுக்கு என ஈரமும் நிழலும் உள்ள இடமே அதற்கு வீடு. நீளம் 4–5 மி.மீ.; காலும் உணர்கொம்பும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். சருகைக் கிளறினால் திக்குத் தெரியாமல் தெறித்து ஓடும், பெயரே அதனால்தான். கொடுக்கு இல்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கன்றின் கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல நீர் விட்டுக் கழுவுங்கள். கொட்டுகிறது, லென்சில் இடுப்பில் இரண்டு முடிச்சு தெரிகிறது என்றால் அது வேறு செவ்வெறும்பு. முசுறுக்கும் கிறுக்கெறும்புக்கும் ஒரே முடிச்சு. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் தேடாதீர்கள், சூட்டுக்கு அடங்கிக் கிடக்கும். காலை 7 மணிக்குப் பாருங்கள்.

கிறுக்கெறும்புதான் என்றாலும் தெளிப்பு பயன்படாது. வெளியே வந்தவை சாகும். கூட்டுக்குள் ராணிகள் பல, அவை பிழைத்துக்கொள்ளும். 100 மி.லி. வெந்நீரில் 20 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பஞ்சில் நனைத்து, 3 மி.மீ. துளையிட்டு மூடிய டப்பாவில் மரத்தடியில் வையுங்கள். தேனீ நுழையாது, ஆடு நக்காது. போரிக்கைக் கூட்டினால் சுமந்துபோகிற எறும்பு கூடு சேருமுன்னே செத்துவிடும். நம்மூர் வெயிலில் நீர் வற்றினாலும் இதே கதைதான், ஆகவே 2 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிளையில் மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி மலிந்திருந்தால் அவை கழிக்கும் இனிப்பே போதுமென்று டப்பாவைச் சீண்டாது. முதலில் அவற்றைக் குறையுங்கள்.

ராணி பறந்துபோய்ப் பரவுவது அபூர்வம். நாற்றுப் பையிலும் வைக்கோலிலும் வண்டியேறித்தான் தூரம் போகும். வாங்கும் கன்றின் பையடியைத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பத்து எறும்பைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதி, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டுங்கள்.