ஒரே வரி, இரண்டு பதில்

அன்புள்ள சார்,

பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டில் பழகிவிட்டு இப்போது, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் படிக்கிறேன். ஃபைலின் முதல் வரியில் ‘வார் எண் = 10’ என்று எழுதினேன். பிரவுசரில் ‘விண்டோ.எண்’ கேட்டால் 10 வருகிறது. நோடில் ‘குளோபல்.எண்’ கேட்டால் அன்டிஃபைண்ட். டெர்மினலில் நோட் என்று தட்டி, அதே வரிகளை அடித்தால் மட்டும் 10! தலை சுற்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டெர்மினலில் அடித்துப் பார்த்தீர்களே, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. எல்லா இடத்திலும் தெரியும் பெயர்கள் தங்கும் ஆப்ஜெக்டுக்குப் பெயர் குளோபல். பிரவுசரில் அது விண்டோ, நோடில் குளோபல். நோட் உங்கள் ஃபைலை அப்படியே ஓட்டுவதில்லை. அதை ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்து, எக்ஸ்போர்ட்ஸ், ரிக்வயர், மாட்யூல், ஃபைலின் பாதை, ஃபோல்டரின் பாதை என்று ஐந்து சாமான்களைக் கையில் கொடுத்துக் கூப்பிடுகிறது. எங்கும் அறிவிக்காத ரிக்வயர் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்ததுண்டா? இப்படித்தான். ஆக, முதல் வரி என்று நீங்கள் நினைப்பது ஒரு ஃபங்ஷனின் உள்வரி. வார் அதற்குள்ளேயே நின்றுவிடும். அங்கே ‘திஸ்’ கேட்டாலும் மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ்தான் வரும், காலி ஆப்ஜெக்டாக. டெர்மினலில் இந்தப் பொதிவு கிடையாது. (ரிக்வயர் போட்டு ஃபைல்களை இணைக்கும் காமன்ஜேஎஸ் முறையின் கதை இது. இம்போர்ட் போட்டு இணைக்கும் ஈஎஸ் மாட்யூல் என்றால் பிரவுசர், நோட் இரண்டிலும் திஸ் அன்டிஃபைண்ட். வாரும் விண்டோவில் ஒட்டாது.)

பிரவுசர், நோட் இரண்டுக்கும் பொதுவான பெயராக, ஜாவாஸ்கிரிப்ட் தரவரையறையின் 2020 பதிப்பில் (ஈஎஸ் 2020) குளோபல்திஸ் வந்தது. ‘குளோபல்’ என்றே வைக்கத்தான் முதலில் நினைத்தார்கள். ‘குளோபல் இருக்கிறதா, அப்போ இது நோட்’ என்று கணித்துவந்த பழைய புரோகிராம்கள் உடையும் என்பதால் இந்த ஒட்டுப்பெயர்.

சரி, இதெல்லாம் பெயர் விவகாரம். பெரிய வித்தியாசம் ஆயுளில். பிரவுசர் டேபின் குளோபல் ஒருவருக்கு மட்டும். ரீலோட் செய்தால் போச்சு. சர்வரில் ஒரே பிராசஸ் நாள்கணக்கில் ஓடும், வருகிற எல்லாருக்கும் அதே குளோபல். நானே சிக்கியிருக்கிறேன். ஒரு ரவுட்டில் (ஒரு முகவரிக்கு வரும் ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பகுதி) மாறியை அறிவிக்கும் வாரும் லெட்டும் போடாமல் ‘யூசர் =’ என்று எழுதிவிட்டேன். அது நேரே குளோபலில் போய் உட்கார்ந்தது. அடுத்த வரியில் டேட்டாபேஸின் பதிலுக்குக் காத்திருக்கும் ஓர் அவெய்ட், அதற்கடுத்து யூசரின் ஆர்டர் பட்டியல். தனியாகச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. நிஜத்தில், முதல் ஆளின் அவெய்ட் முடிவதற்குள் இரண்டாவது ஆள் வந்து யூசரை மாற்றிவிட்டார். இரண்டாவது ஆளின் ஆர்டர்கள் முதல் ஆளின் திரையில்! அன்று இரவு தூக்கம் போயிற்று.

ஃபைலின் தலையில், விதிகளைக் கறாராக்கும் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ போட்டிருந்தால் அந்த வரியே எரர் அடித்திருக்கும். ஆனால் அதை நம்பி, ஃபைலின் மேலே ‘லெட் யூசர்’ என்று வைத்துவிடாதீர்கள். ரிக்வயர் ஒரு ஃபைலை ஒருமுறை ஓட்டி அப்படியே வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் ரிக்வெஸ்டுக்கும் அதே மாறிதான். ஆளுக்கு ஆள் மாறுவதை ஹேண்ட்லருக்குள்ளேயே, அதாவது ரிக்வெஸ்டைக் கவனிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே, அறிவியுங்கள், அல்லது ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டில் வையுங்கள்.

அப்புறம், பிரவுசர் கன்சோலில் ‘வார் நேம் = 10’ அடித்து, அதன் வகையை டைப்ஆஃப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிங் என்று சொல்லும். விண்டோவில் ‘நேம்’ என்று ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.