8ஆம் எண் சட்டைக்காரர் லியாம் வீலன்

அன்புள்ள ஐயா,

மியூனிக் விமான விபத்தில் இறந்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் எட்டுப் பேரில் லியாம் வீலன் பெயருக்கு நேரே ‘அயர்லாந்து, 22 வயது’ என்பதற்கு மேல் எதையும் பார்க்க முடிவதில்லை. எப்படிப்பட்ட ஆட்டக்காரர் அவர்? கடைசி ஆட்டத்தில் இறங்காதவர் ஏன் அந்த விமானத்தில் இருந்தார்?

கே.

அன்புள்ள கே.,

1956–57 பருவத்தில் யுனைடெட் அணிக்காக லீக்கில் அதிக கோல் அடித்தவர் வீலன்தான். முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் ஃபார்வர்டு டாமி டெய்லர் 22, வீலன் 26. வீலன் ஆடியது 8ஆம் எண் சட்டைக்குரிய இன்சைடு ரைட் இடத்தில், அதாவது சென்டர் ஃபார்வர்டுக்கு வலப்பக்கம். பின்னால் இறங்கி ஹாஃப் பேக்கிடம் (நடுவரிசை ஆட்டக்காரரிடம்) பந்தை வாங்கி முன்வரிசைக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அந்நாளில் அந்த இடத்துக்காரரின் முதல் வேலை. அதையும் பார்த்துக்கொண்டு 26! யுனைடெட்டில் அவருடைய மொத்தக் கணக்கு 98 ஆட்டம், 52 கோல். ஓட்டத்தில் வேகம் குறைவு. எதிராளி கால் நீட்டும்வரை பொறுத்திருந்து, அந்தக் கால்களுக்கு நடுவிலேயே பந்தைத் தட்டிவிட்டுப் போவார்.

டப்ளினின் கேப்ரா பகுதிக்காரர். 1953இல் இளையோருக்கான யூத் கப் இறுதியாட்டத்துக்கு முன் யுனைடெட் வீரர் ஜான் டோஹர்ட்டி காயப்பட, ஹோம் ஃபார்ம் கிளப்பிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்டவர்.

1957 ஜனவரியில் ஐரோப்பியக் கோப்பையில் ஸ்பெயினின் பில்பாவ் அணியுடன் பனிச்சேற்றில் நடந்த ஆட்டத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. யுனைடெட் 2–5 என்று பின்தங்கியிருந்தது. முடியும் தறுவாயில் வீலன் பலரைத் தாண்டி ஓடி மூன்றாவது கோலை அடித்தார். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றியை முடிவு செய்வார்கள்; மறு ஆட்டத்தில் யுனைடெட் 3–0. மொத்தம் 6–5. அந்த கோல் இல்லையென்றால் 5–5. சமநிலையானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதி அப்போது கிடையாது, மூன்றாவது ஆட்டம்தான் ஆடியிருக்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் அவர் இடம் பாபி சார்ல்டனுக்குப் போனது. 2006இல் கேப்ராவின் ரயில் பாலத்துக்கு வீலன் பெயர் சூட்டியபோது திறந்துவைத்தவரும் சார்ல்டன்தான். இடம் பறிபோனவர் விமானத்தில் ஏன் இருந்தார் என்றால், ஆட்டத்தின் நடுவே மாற்று ஆள் இறக்க அன்று அனுமதியில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்? அதற்காக ரிசர்வ் (மாற்று) வீரர்களை உடன் அழைத்துப்போவார்கள். அந்தக் கடைசி ஆட்டம் நடந்த பெல்கிரேடுக்கு வீலனும் இன்னொரு வீரர் ஜெஃப் பென்ட்டும் போனது அப்படித்தான். இருவருமே திரும்பவில்லை.

1958 பிப்ரவரி 6 அன்று, திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம் மறுபடி மேலெழும்ப இரண்டு முறை ஓடிப்பார்த்து நின்றுவிட்டது. மூன்றாம் முறை 117 நாட் (மணிக்குச் சுமார் 217 கி.மீ.) வேகத்தைத் தொட்டது. ஓடுதளத்தின் கடைசிப் பகுதியில் கிடந்த நீர்ப்பனிக்குழம்பு சக்கரங்களை இழுத்ததில் 105க்கு இறங்கியது. மேலெழும்ப அது போதாது. இறக்கையில் படிந்த பனியை அகற்றவில்லை என்று ஜெர்மன் விசாரணை கேப்டன் ஜேம்ஸ் தெயின் மீது போட்ட பழி நீங்க 1969 ஆயிற்று.