வயலில் பம்புசெட்டைத் தானாக ஓட்ட வைத்த ஈஎஸ்பி32 (சின்ன கன்ட்ரோலர் போர்டு) மோட்டார் ஸ்டார்ட் ஆனதும் ரீசெட் ஆகிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. அதுவும் அதே இடத்தில் விழும், கூடவே எஸ்.டி. கார்டும் கெட்டுப்போகும். போர்டு விற்பவர்களுக்குத்தான் லாபம்.

மேசையில் பல்பை வைத்து ஓட்டியபோது ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, மன்னார்குடி பக்கம் பம்புசெட்டில் மாட்டியதும் மோட்டார் எடுக்கும்போதும் நிற்கும்போதும் ரீசெட் ஆகிறது, மண் ஈரப்பத சென்சாரும் எப்போதும் ஒரே அளவைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டாக இருக்கும், ரிவ்யூ நெருங்கியிருக்கும். ப்ரோகிராமைத் தொடாதீர்கள் தம்பி (தங்கச்சி என்றால் மன்னிக்கவும்). தப்பு வயரில் இருக்கிறது.

முதலில் போர்டு அனுப்பும் செய்திகள் கம்ப்யூட்டரில் தெரியும் சீரியல் மானிட்டரைப் பாருங்கள். பூட் ஆகும்போது பிரவுன்அவுட் என்று வந்தால் சப்ளை சரிந்திருக்கிறது. வெறும் பவர்ஆன் ரீசெட் என்று வந்தால் இரண்டில் ஒன்று: சப்ளை முழுசாகவே போய் வந்திருக்கிறது, அல்லது போர்டை ரீசெட் செய்யும் ஈ.என். பின்னில் மின் இரைச்சல் ஏறியிருக்கிறது. எது என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலேக்குக் கீழே மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் கழற்றி டேப் சுற்றுங்கள். பக்கத்தில் வயர்மேன் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு கரண்ட் கொடுத்து கான்டாக்டரை (ஸ்டார்ட்டருக்குள் காந்தக் காயிலால் இழுபட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) மட்டும் இழுக்க விடுங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் குற்றவாளி கான்டாக்டர் காயில். ஆகவில்லை என்றால் மோட்டார் எடுக்கும் கரண்ட்.

5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழு, எட்டு ஆம்பியர்தான். நேரடி ஸ்டார்ட்டரில் எடுக்கும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். லைன் கடைசியில் இருக்கும் கொட்டகையில் பல்பு மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலிவு மொபைல் சார்ஜர் அந்த வோல்ட்டேஜ் சரிவைத் தாங்காது. 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, அதற்கு 13.7 வோல்ட் சார்ஜர், பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டுக்குக் குறைக்க ஒரு பக் கன்வெர்ட்டர், போர்டின் காலடியில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

காயில்தான் கோளாறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். "ரிலே மாட்யூலிலேயே டையோடு இருக்கிறதே" என்பார்கள். அது மாட்யூலில் உள்ள 5 வோல்ட் காயிலுக்கு மட்டும். ஸ்டார்ட்டர் காயில் விடும்போது கிளம்பும் வோல்ட்டேஜ் உதையை அது பார்ப்பதே இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று: நம் பக்கத்து பம்புசெட் ஸ்டார்ட்டர்களில் பலவற்றில் காயில் 415 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே. உங்கள் நீல ரிலேயின் தலையிலேயே 10 ஆம்பியர் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. பத்தைப் படிக்கிறோம், இருநூற்றைம்பதைப் படிப்பதில்லை. நேராகக் கொடுத்தால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்காது.

எனவே நீல ரிலே 230 வோல்ட் காயில் உள்ள ஒரு சின்ன கான்டாக்டரை இழுக்கட்டும். 415-க்கு ஏற்ற அதன் கான்டாக்ட் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனுக்கு இணையாகப் போகட்டும். ஒரு நொடி இழுத்து விட்டால் போதும். நிறுத்துவதற்கு இதே மாதிரி இன்னொன்று, காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் அதன் கான்டாக்ட் சிவப்புப் பட்டனோடு தொடராக. போர்டு செத்துக் கிடந்தாலும் வயல்காரப் பெரியவர் கையால் ஆன், ஆஃப் செய்ய முடிய வேண்டும். ஓவர்லோட் ரிலேயையும் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரையும் எக்காரணம் கொண்டும் தாண்டி வயர் இழுக்காதீர்கள்.

அந்த உதையை அடக்க, சின்ன கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராக. ஸ்டார்ட்டரின் 415 வோல்ட் காயிலுக்கு அந்த எக்ஸ்2 பத்தாது. 821 எண் கொண்ட 14 மி.மீ. வாரிஸ்டரைப் போடுங்கள். வழக்கமாகக் கடையில் எடுத்துத் தரும் 471 என்பது 230-க்கானது, இங்கே போட்டால் வெடிக்கும். ஈ.என். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். ரிலே மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பரைக் கழற்றி, அந்தப் பின்னுக்குத் தனி 5 வோல்ட், விசிசி-க்கு 3.3 வோல்ட். ஜம்பர் இருக்கும்வரை, இரண்டு பக்கத்தையும் ஒளியால் பிரிக்கும் ஆப்டோ இருந்தும் இல்லாத மாதிரிதான். ரிலேக்கு 5, 14, 15 பின்கள் வேண்டாம், பூட் ஆகும்போது அவை தாமாகத் துடிக்கும். அந்த ஒரு துடிப்பே பச்சைப் பட்டனை அழுத்தியதற்குச் சமம். 25, 26 நல்லது. போர்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வேண்டாம், ஒரு முழம் தள்ளித் தனிப் பெட்டி.

பேனல் வேலை செய்பவர்கள் "பி.எல்.சி. (தொழிற்சாலை கன்ட்ரோலர்) போட்டால் இவ்வளவு பாடு எதற்கு" என்று வருவார்கள். சரிதான், அதற்கான காசை யார் தருவது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி சென்சார். நெல் வயலில் மண் ஈரப்பத சென்சார் எதற்கு? தண்ணீர் கட்டிய களிமண்ணில் அது ஒரே அளவைத்தான் காட்டும். இரண்டு முள் உள்ள வகை சில வாரங்களில் அரித்தும் போகும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பில் கேட்கவே வேண்டாம். அளக்க வேண்டியது நீர்மட்டம். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. அகலம் உள்ள பி.வி.சி. குழாய், பாதி மண்ணுக்குள், அந்தப் பாதி முழுக்கத் துளைகள். நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் மோட்டார் ஓடணும், தரைக்கு மேல் 5 செ.மீ. ஏறினால் நிற்கணும். நட்ட புதிதிலும் பூக்கும் சமயத்திலும் காயப்போடக் கூடாது, அதற்கு ப்ரோகிராமில் ஒரு சுவிட்ச் வையுங்கள்.

இந்தக் குழாயில் ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வேண்டாம். எச்.சி.-எஸ்.ஆர்.04 குழாய்ச் சுவரில் பட்டு எதிரொலிக்கும். ஈரம் தாங்கும் ஜே.எஸ்.என். வகைக்கு முதல் இருபது செ.மீ. சுமார் குருடு. காந்தம் ஒட்டிய மிதவை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்) போதும். ரீட் இருக்கும் உயரத்திலேயே மிதவை முட்டி நிற்க வாஷர் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் காந்தம் தாண்டிப் போய்விடும், ரீசெட் ஆன போர்டுக்குத் தண்ணீர் மேலா கீழா தெரியாது. ரீட் வயர் முறுக்கிய ஜோடியாக வரட்டும். போர்டின் பின்னில் வெளியிலிருந்து 4.7 கிலோ ஓம் புல்அப் (பின்னை 3.3 வோல்ட்டோடு பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்), 1 கிலோ ஓம் தொடர், 0.1 மைக்ரோஃபாரட். உள்ளே இருக்கும் புல்அப் அவ்வளவு தூரத்துக்குப் பத்தாது. கொட்டகை ரொம்பத் தள்ளி இருந்தால் வயரை விட்டுவிட்டு 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோ.

எஸ்.எம்.எஸ். வேண்டுமென்றால்: சிம்800எல் மோடம் 2ஜி மட்டும்தான், ஜியோ சிம் அதில் எடுக்காது. 2 ஆம்பியர் வரை துள்ளி இழுக்கும், 4 வோல்ட் தனியாகக் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்து கொண்டுபோனால் ரிவ்யூவில் "ஏ.ஐ. எங்கே?" என்பார்கள். மிதவை மிதப்பதற்கு என்ன ஏ.ஐ.? ரீட் சுவிட்சைத் திருப்பிப் பார்க்காதவர்கள் ரிப்போர்ட்டில் மார்ஜின் அளவைப் பார்ப்பார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கி வந்தவனுக்கும் உங்களுக்கும் ஒரே மார்க் விழும். 2025 அக்டோபரில் போர்டு செய்யும் அர்டுயினோவையே சிப் கம்பெனியான குவால்காம் வாங்குவதாக அறிவித்தாயிற்று, அதைச் சொல்லி இரண்டு ஸ்லைடு போட்டால் சிலர் அடங்குவார்கள்.

குழாயின் அடியிலும் வாயிலும் நைலான் வலை கட்ட மறக்காதீர்கள். வயல் நண்டு உள்ளே இறங்கினால் மிதவை பாதியில் சிக்கி நிற்கும். போர்டு பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைக்கு கேபிள் கிளாண்ட் போடுங்கள், பல்லிக்கு அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும்.