பள்ளிச் சமையலறைக்கு உள்ளூர்க் காய்: மெனுவைக் கடைசியில் எழுதுங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை 300 பிள்ளைகள் மதியம் அங்கேயே சாப்பிடுகிறார்கள். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். ஆனால் தட்டில் விழுவதென்னவோ முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும்தான். விவசாயிகளிடம் நேரடியாக வாங்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அளவு. அரசின் மதிய உணவு விதிமுறைப்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறு முதல் எட்டு வரை 150, 30, 75 கிராம். தனியார் பள்ளிக்கு இது கட்டாயமில்லை என்றாலும் கணக்குப் போட உதவும். சிறியவர்கள் 180, பெரியவர்கள் 120 என்று வைத்தால் நாளுக்கு 36 கிலோ அரிசி, 7.2 கிலோ பருப்பு, 18 கிலோ காய் வேண்டும். காய் எடை நறுக்கிய பிறகு உள்ளது. தோல், காம்பு, பூச்சி போக, வாங்கும்போது 22 முதல் 24 கிலோ பிடிக்கும்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் விலையால் முறிவதில்லை, விடுமுறையால்தான் முறிகிறது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். கத்தரிக்கு வாரம் ஒரு பறிப்பாவது வேண்டும். காலாண்டு விடுமுறையில் பள்ளி பத்து நாள் வாங்காவிட்டால் செடி காத்திருக்காது. அதனால் எந்த விவசாயிக்கும் பள்ளி மட்டுமே வாடிக்கையாளராக இருக்கக் கூடாது. அவர் பறிப்பில் ஒரு பங்கு போதும். மூன்று நான்கு பேரோடு பேசுங்கள், பள்ளி நாட்காட்டியின் நகலை முதல் நாளே கொடுங்கள். திண்டுக்கல் உழவர் சந்தையின் அன்றைய விலையை ஒட்டி வாரம் ஒருமுறை விலை வைத்தால் பேரம் குறையும். பணத்தை வாரக் கடைசியில் தந்துவிடுங்கள். ‘மாதம் முடிந்து பில் போடுங்கள்’ என்றால் நல்ல காய் மார்க்கெட்டுக்குப் போகும், கழிசல் பள்ளிக்கு வரும்.

மெனுவில் ‘செவ்வாய்: பீன்ஸ் பொரியல்’ என்று எழுதாதீர்கள். ‘செவ்வாய்: கொடிக்காய்க் கூட்டு’ என்று எழுதினால் சுரை, புடலை, பீர்க்கு எது வந்தாலும் சமாளிக்கலாம். முருங்கைக்காய் கோடையில் மலிவு, மார்கழியில் விலை எகிறும். அப்போது முருங்கைச் சாம்பாரில் பிடிவாதம் வேண்டாம். முற்றிய பரங்கியும் பூசணியும் வாரக்கணக்கில் கெடாது, காய் வராத நாளுக்கு எப்போதும் இருப்பில் வையுங்கள்.

கீரையில் ஆசைப்பட்டு முழுப் பொரியலாகப் போட வேண்டாம். 18 கிலோ ஆய்ந்த கீரைக்கு ஏறக்குறைய 30 கிலோ கட்டு வாங்க வேண்டும். ஆய்வதற்கே காலை போய்விடும். ஐந்தாறு கிலோவைப் பருப்போடு சேர்த்துக் கடைவது நடக்கக்கூடியது. முருங்கைக் கீரையை முந்தின இரவு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால், காலையில் உதறும்போதே பெரும்பாலான இலை உதிரும். தரைக் கீரையை அலசும்போது தண்ணீரைக் கொட்டாமல் கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். கொட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரையிலேயே ஒட்டும்.

சிறுதானியத்தை அரிசியோடு ஒரே பானையில் போடக் கூடாது. சாமை முந்தி வெந்து குழைந்துவிடும். வீட்டில் ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்றால், பெரிய அண்டாவில் ஆவி குறைவாகப் போவதால் சற்றுக் குறைத்தே ஊற்றுங்கள். வெறும் சோறாகப் பரிமாறினால் ஆறியதும் விறைத்துப் போகும், பிள்ளைகள் ஒதுக்குவார்கள். பொங்கலாகவோ சாம்பார் சாதமாகவோ வாரம் ஒரு நாள் தொடங்குங்கள். கம்பு மாவை மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பசை சீக்கிரம் சிக்குப் பிடித்துக் கசக்கும். தானியமாக வாங்கி, வாரத் தேவைக்கு மட்டும் அரையுங்கள்.

‘உள்ளூர்’ என்பதாலேயே நஞ்சில்லாதது என்று நம்பிவிட வேண்டாம். காய்த்துளைப்பானுக்குப் பயந்து கத்தரிக்கு அடிக்கடி மருந்தடிப்பது வழக்கம். கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, தேதி, எடை, விவசாயி பெயரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மருந்துப் பாட்டில் லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடியாத காய் வேண்டாம். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

சட்டப்படி, உணவு தயாரித்து வழங்கும் பள்ளிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் இருக்க வேண்டும். தன் நிலத்துக் காயைக் கொண்டுவரும் விவசாயிக்கு அது தேவையில்லை. 2020இல் வந்த விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கத் தடை விதிக்கின்றன. பப்ஸுக்குப் பதில் தட்டைப்பயறுச் சுண்டல் போடலாம். ஆளுக்கு 25 கிராம் வைத்தால் 300 பேருக்கு ஏழரைக் கிலோ. கோடையில் இரவு முழுக்க ஊறினால் புளித்த வாடை வரும், விடியற்காலையில் ஊறப்போட்டாலே இடைவேளைக்குள் வெந்துவிடும்.

முதல் மாதம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் விவசாயிகளிடம் வாங்குங்கள், மற்ற நாட்களில் பழைய வியாபாரியே தரட்டும். தட்டில் மிஞ்சுவதைத் தினமும் எடை போடுங்கள். எந்தக் காயைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அந்த எடையை வைத்து முடிவு செய்யலாம்.