சிஎஸ்ஆர் இன்னும் தானதர்மம்தானா?

பள்ளிக்கு பெஞ்ச் வாங்கிக் கொடுத்து போட்டோ எடுப்பதுதானே சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூக நலனுக்குச் செய்யும் செலவு), அதில் என்ன மாறிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, போட்டோ இன்னும் போகவில்லை. ஆனால் இந்தியாவில் 2014 ஏப்ரல் முதல் இது முதலாளியின் மனசைப் பொறுத்த விஷயம் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2% செலவழிக்க வேண்டும்.

ஆரம்பத்தில், செலவழிக்காததற்கு ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும். நல்ல வசதியான ஓட்டை! 2021-இல் அதை அடைத்தார்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் மிச்சப் பணம், நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். செலவழிக்காத மற்ற பணம் 6 மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்றவற்றுக்கு. தவறினால் அபராதம். அப்புறம், சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்யும் நலத்திட்டம் இந்தக் கணக்கில் சேராது.